14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிராம நாவல்: எதைத் தெரிந்துகொண்டு படிப்பது?

ஏடுபுரட்டி:
ஒரு சரித்திர நாவலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கற்பனைக் கிராமம், 1347 முதல் 1351 வரை. கொள்ளைநோய்க்குக் கொஞ்சம் முன்பு தொடங்கி, அது வந்து போனபிறகு முடிகிறது. புத்தகத்தின் பெயர் வேண்டாம், தெரிந்தால் யாராவது கதையைச் சொல்லிவிடுவீர்கள். அரசரும் பிரெஞ்சுப் போரும் தொலைவில் கேட்கும் செய்தி மட்டும்தான். மற்றபடி எல்லாம் ஆக்னஸ் என்ற குடியானவப் பெண்ணைச் சுற்றித்தான்.

எழுத்து அருமை. ஆனால் ஆட்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. ஆக்னஸின் கணவர் இறந்ததும் பிரபுவுக்காக ரீவ் என்பவர் வந்து நல்ல பசுவை அவிழ்த்துக்கொண்டு போகிறார். அந்த ரீவ் வேறு யாருமில்லை, இறந்தவரின் சொந்தத் தம்பி. பின்னாலேயே பாதிரியார் வீட்டு ஆள் வந்து ஒரு கிடாரியைப் பிடித்துப்போகிறான். அவள் திட்டக்கூட இல்லை. அப்புறம் ஏல் என்ற தானிய மதுவைக் காய்ச்சி விற்கிறாள். பிரபுவின் பண்ணை நீதிமன்றமான மேனர் கோர்ட் கூடும்போதெல்லாம் அதற்காக 2 பென்ஸ் அபராதம் கட்டுகிறாள், வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறாள். மகள் ஆலிஸ் வேலியோரம் ஒருவன் கையைப் பிடித்து இரண்டு வாக்கியம் சொல்கிறாள், உடனே ஊரே அவளைக் கல்யாணமானவள் என்கிறது. போதாததற்குத் திரும்பிய பக்கமெல்லாம் ஜான். ஆக்னஸின் இரண்டு மகன்களுக்கும் ஜான் என்றே பெயர், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்!

இணையத்தில் தேடினால் கோட்டை, கவசம், குதிரைவீரர் என்றே வருகிறது. ஒரு குடியானவளின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

தாழ்வாரம்:
தொடங்கவே வேண்டாம். நாவலாசிரியருக்குத் தேவை என்றால் அவரே விளக்கியிருப்பார். புரியாததைத் தாண்டிப் போங்கள். வரலாறு படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பியவர்களை நான் பார்த்ததே இல்லை.

கறுப்பங்கி:
அந்தப் பசுவைத் தாண்டிப் போனால் ஆக்னஸ் யார் என்பதே தெரியாமல் போய்விடும், தாழ்வாரம்.

இது வில்லீன் குடும்பமாகத்தான் இருக்கவேண்டும். சுதந்திரக் குடியானவர்கள் இல்லை. பிரபுவின் நிலத்தைப் பிடித்து உழுகிறார்கள். அதற்கு ஈடாக, வாரத்தில் சில நாள் பிரபுவின் சொந்த வயலில் கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும். அனுமதி இல்லாமல் வேறு ஊரில் போய்க் குடியேற முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்க மெர்ச்செட் என்று ஒரு தொகை கட்டவேண்டும். குடும்பத்தலைவர் இறந்தால் வீட்டிலுள்ள மிகச் சிறந்த விலங்கு பிரபுவுக்குப் போகும், அதுதான் ஹெரியட். அடுத்த சிறந்தது பல ஊர்களில் பாதிரியாருக்கு. உயிரோடிருந்தபோது செலுத்தாமல் விட்ட தசமபாகத்துக்கு ஈடு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள்.

கொடுமைதான். ஆனால் ஹெரியட் வாங்கிக்கொள்ளும்போது பிரபுவும் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: இறந்தவர் இந்த நிலத்தை முறைப்படி வைத்திருந்தார், இனி அது அவர் வீட்டாருக்குப் போகிறது. கணவரின் நிலம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ விதவை வைத்துக்கொள்வது பல மேனர்களில் வழக்கமான உரிமை. மறுமணம் செய்யாத வரை என்ற நிபந்தனை அடிக்கடி சேர்ந்திருக்கும். அடுத்த கோர்ட்டில் குமாஸ்தா தோல் சுருளில் லத்தீனில் எழுதுவார்: இன்னார் இறந்தார், ஹெரியட் ஒரு பசு, மனைவி வந்து நிலத்தை ஏற்றுக்கொண்டார். அந்த வரிதான் அவளுக்குப் பட்டா. பசுவைக் கொடுக்க மறுத்துச் சண்டை போட்டிருந்தால் நிலத்துக்கே சிக்கல் வந்திருக்கும். ஆக்னஸ் வாயை மூடிக்கொண்டிருந்தது பயத்தால் என்று நான் படிக்கமாட்டேன், கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஏல் அபராதமும் அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் தரம், அளவு, விலை எல்லாவற்றையும் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்துவிட்டது. தானியவிலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப ஏல் விலை மாறவேண்டும். காய்ச்சும் ஒவ்வொருவரும் எதையாவது மீறியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, கோர்ட் சுருள்களில் ஊரில் காய்ச்சுகிறவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டு ஒரு சிறுதொகை வசூலித்துவிடுவார்கள். பெயர் அபராதம், நடைமுறையில் உரிமக் கட்டணம். அதைக் கட்டிவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிறவள் ஒழுங்கான வியாபாரி.

ஏடுபுரட்டி:
கறுப்பங்கி சார், இதைப் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தை மறுபடி புரட்டினேன். கோர்ட்டில் அவள் காசை எண்ணி வைத்துவிட்டு, எழுதியாகிவிட்டதா என்று இரண்டு தரம் கேட்கிறாள். எழுத்துத் தெரியாதவள் எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ரீவ் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். தம்பியே அண்ணன் வீட்டு மாட்டை ஓட்டிப்போவது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது.

பனிமூட்டம்:
நாட்டிங்ஹாம் பக்கம் வசிக்கிறேன், அதனால் இந்த இழைக்குள் வந்தேன்.

ரீவ் வெளியூர் அதிகாரி இல்லை. பிரபுவின் பண்ணையை மேற்பார்க்கும் பெய்லிஃப்தான் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவார். ரீவ் அதே ஊர் வில்லீன்களில் ஒருவர். பல இடங்களில் ஊர்க்காரர்களே செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வருடம் பிரபுவின் வயல், மாடு, கோழி, முட்டை எல்லாவற்றுக்கும் அவர் கணக்கு ஒப்பிக்கவேண்டும். குறைந்தால் அவர் தலையில் விழும். பணம் கட்டி இந்தப் பதவியிலிருந்து தப்பித்தவர்களும் உண்டு. ஆக, தம்பி கையில் அண்ணன் வீட்டுப் பசு வருவது அந்த ஊர்களில் நடக்கக்கூடியதுதான்.

இரண்டு ஜான்களுக்கும் காரணம் இருக்கிறது. ஞானஸ்நானத்தின்போது பெயர் வைப்பது பெரும்பாலும் ஞானப்பெற்றோர், அதுவும் தங்கள் பெயரையே வைப்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஜான் என்ற ஞானத்தந்தை அமைந்தால் இரண்டும் ஜான்தான். குடும்பப்பெயர்கள் நிலைபெற்றுக்கொண்டிருந்த காலம் என்பதால் கிணற்றடி ஜான், ஆக்னஸ் மகன் ஜான் என்றுதான் ஆட்களைப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழி இல்லை.

செம்மண்:
எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். நான் விவசாயக் குடும்பம், எனக்கு நிலத்தின் கணக்குதான் முதலில் வேண்டும்.

நாவலில் எத்தனை ஏக்கர் என்று போட்டிருக்கிறதா? இங்கிலாந்தின் நடுப்பகுதி என்றால் அரை விர்கேட் வைத்திருந்த குடும்பங்கள் நிறைய. ஏறக்குறைய 15 ஏக்கர். அது ஒரே இடத்தில் இருக்காது. ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய வயல்வெளிகள், அதற்குள் நீளநீளப் பட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். மூன்று வயல் முறை என்றால் ஒன்றில் குளிர்காலத்துக்கு முன் கோதுமை அல்லது ரை, இன்னொன்றில் வசந்தத்தில் வாற்கோதுமை, ஓட்ஸ், பட்டாணி, அவரை. மூன்றாவது தரிசு. ஆக விதைப்பு 10 ஏக்கரில்தான்.

இப்போது விளைச்சலைப் பாருங்கள். கோதுமை ஒரு மரக்கால் விதைத்தால் நான்கு மரக்கால் வந்தாலே சுமாரான வருடம். அந்த நான்கில் ஒன்று அடுத்த விதைக்கு. மொத்தத்தில் பத்தில் ஒன்று, அதாவது 0.4, தேவாலயத்துக்குத் தசமபாகம். மீதி 2.6. மாவரைக்கப் பிரபுவின் மில்லுக்குத்தான் போகவேண்டும், அங்கேயும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் வாடகைக்குக் காசு வேண்டுமென்றால் இருப்பதில் கொஞ்சம் சந்தைக்கு. இந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் ஒரு பசு போவது என்றால் என்ன என்று தெரியும். பால், வெண்ணெய், சீஸ், எரு எல்லாம் சேர்ந்து போகிறது.

நாவலில் ஜூன், ஜூலை மாதக் காட்சிகளைக் கவனியுங்கள். போன வருடத் தானியம் தீர்ந்திருக்கும், புதுசு இன்னும் வயலில் பச்சையாக நிற்கும். வருடத்தில் வயிறு காயும் காலம் அதுதான், குளிர்காலம் இல்லை. அதேபோல் 1315 முதல் 1317 வரை விடாமல் பெய்த மழையில் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. 1347இல் நாற்பது வயதான எவரும் அதைச் சிறுபிள்ளையாகப் பார்த்திருப்பார்கள்.

ஏடுபுரட்டி:
செம்மண் அண்ணா, ஆக்னஸின் மாமியார் மழை இரண்டு நாள் நிற்காவிட்டால் தானியப்பெட்டி மேல் போய் உட்கார்ந்துகொள்கிறாள். காரணமே சொல்லாமல் விட்டிருக்கிறார் ஆசிரியர். கிழவிக்குக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நுணுக்கன்:
ஆசிரியரை ரொம்பப் புகழவேண்டாம். ஆக்னஸின் வீட்டில் புகைபோக்கி இருக்கிறதா, சொல்லுங்கள். இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். அந்தக் காலக் குடியானவர் வீட்டில் நடுத்தரையில்தான் அடுப்பு. புகை மேலே ஏறிக் கூரை வழியாகத் தானே வெளியேறும். மரச்சட்டம், கிளைப் பின்னல் மேல் மண் பூசிய சுவர், வைக்கோல் கூரை. ஆக்னஸ் காய்ச்சுவதில் ஹாப் என்ற கசப்புப் பூவைப் போடுகிறாளா? ஹாப் போட்ட பீர் கிராமத்துக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. அவள் காய்ச்சுவது முளைகட்டிய தானியத்து ஏல், சில நாளில் புளித்துக் கெட்டுவிடும். அதனால்தான் ஒரு வீட்டில் காய்ச்சும்போது மற்ற வீட்டார் வந்து வாங்கினார்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, வான்கோழி எங்கேயாவது தலைகாட்டுகிறதா?

இன்னொன்று. முதலிரவு உரிமை என்று பிரபு மணப்பெண்ணைக் கொண்டுபோகும் காட்சி வந்தால் அது பிற்காலக் கட்டுக்கதை. இங்கிலாந்தில் அப்படி ஓர் உரிமை இருந்ததற்குச் சான்று கிடையாது.

ஏடுபுரட்டி:
புகைபோக்கி இல்லை. ஹாப் இல்லை. பிரபுவே இதுவரை வரவில்லை. தினமும் பட்டாணி, முட்டைக்கோசு, வெங்காயம் போட்ட பாட்டேஜ் என்ற கெட்டிக் கூழ், வாற்கோதுமை ரொட்டி. தவக்காலத்தில் உப்பிட்ட ஹெரிங் மீன். பிரபுவின் மேலாளரான ஸ்டூவர்ட் வந்த அன்று மட்டும் ஓரிடத்தில் மிளகு வருகிறது.

செம்மண்:
மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து போனதுதான். மலபாரிலிருந்து கப்பலில் செங்கடல், அலெக்சாந்திரியா, வெனிஸ் வழியாக. லண்டனில் மிளகு வணிகர்களுக்குத் தனிச் சங்கமே இருந்தது. ஆக்னஸ் அதை வாயில் போட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

தாழ்வாரம்:
நுணுக்கன் தேர்வுத்தாள் திருத்துகிறார். புகைபோக்கி இருந்திருந்தால் ஆக்னஸின் துக்கம் பொய்யாகிவிடுமா?

நுணுக்கன்:
பொய்யாகாது. ஆனால் அடுப்பைச் சுற்றி உட்காரும் விதமே மாறிவிடும். நடுவில் நெருப்பு என்றால் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். புகை தலைக்கு மேலே நிற்பதால் தாழ்வாக உட்காரவேண்டும். அந்த வீட்டில் யாராலும் தனியாக அழ முடியாது. துக்கத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இது வேண்டாமா?

தாழ்வாரம்:
சரி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் முதலில் கதை, அப்புறம்தான் ஆராய்ச்சி.

கறுப்பங்கி:
அதில் நானும் உங்கள் பக்கம்தான். தடுக்கி விழுந்த இடத்தில் மட்டும் தோண்டினால் போதும். முன்கூட்டியே எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்தால் ஆசிரியரோடு போட்டி போடத்தான் தோன்றும்.

ஏடுபுரட்டி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். பொதுவான வரலாற்று நூல்களுக்கு முன்னால் ஒரு மேனரின் கோர்ட் சுருளைப் படியுங்கள் என்பேன். சஃபோக் பகுதியில் வால்ஷம் லெ வில்லோஸ் என்ற கிராமத்தின் சுருள்கள் 1303 முதல் ஆங்கில மொழிபெயர்ப்பில் அச்சாகியிருக்கின்றன. யாருடைய பன்றி யாருடைய அவரையைத் தின்றது, யார் வேலியை நகர்த்தினார், யார் அறுவடை வேலைக்கு வரவில்லை, யார் யாரைத் திட்டினார், எல்லாவற்றுக்கும் 3 பென்ஸ், 6 பென்ஸ். முதலில் சலிப்பாக இருக்கும். கொஞ்சம் போனதும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து, எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பகை என்று நமக்கே தெரிந்துவிடும். அந்த ஊரில் 1349 ஜூனில் கூடிய கோர்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சாவு ஒரே அமர்வில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ன ஹெரியட், அடுத்த வாரிசு யார் என்று. அழுகை எதுவும் இல்லை, பட்டியல் மட்டும்தான். உங்கள் நாவலாசிரியர் அதைப் படிக்காமல் எழுதியிருக்க முடியாது என்று தோன்றுகிறது.

மரண விசாரணை அதிகாரிகளின் சுருள்களும் இருக்கின்றன. கிணற்றில் நீர் இறைக்கப் போய் விழுந்தவர்கள், அடுப்போரம் தொட்டிலில் விட்ட குழந்தை, வண்டியடியில் மாட்டியவர்கள். எந்த நேரத்தில் யார் எங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

பனிமூட்டம்:
படம் பார்த்தால்தான் புரியும் என்றால் லட்ரெல் சால்ட்டர், பைபிளின் சங்கீதங்களைப் படங்களோடு எழுதிய கையெழுத்து நூல். லிங்கன்ஷயரில் ஜெஃப்ரி லட்ரெல் என்ற பிரபுவுக்காக 1325க்கும் 1340க்கும் இடையில் செய்தது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில். பக்க ஓரங்களில் உழுவது, விதைப்பது, பட்டியில் ஆடு கறப்பது, பெண்கள் தலையில் பானை சுமந்து போவது, மில்லுக்குக் கீழே ஓடையில் விலாங்கு பிடிக்கும் பொறி எல்லாம் இருக்கின்றன.

நுணுக்கன்:
காசு கொடுத்தவர் பிரபு என்பதை மறக்கவேண்டாம். அதில் வேலைசெய்கிறவர்கள் எல்லோரும் நல்ல வண்ணச் சட்டையில் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள். கறுப்பங்கி சொன்ன சுருளில் அதே ஆட்கள் வேலைக்கு வராமல் அபராதம் கட்டுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பனிமூட்டம்:
நியாயம். நேரில் பார்க்க வாய்ப்பு இருந்தால், எங்கள் நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் அந்தத் திறந்த வயல் முறை இன்றைக்கும் நடக்கிறது, அதைக் கவனிக்கும் கோர்ட்டும் கூடுகிறது. யார்க்ஷயரில் வாரம் பெர்சி என்று ஒரு கிராமம், ஆளில்லாமல் போனது. கூரையில்லாத தேவாலயம் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் புல்லுக்கடியில் வீடுகளின் மேடுகள். 1950களிலிருந்து நாற்பது வருடம் போலத் தோண்டினார்கள். கொள்ளைநோயில் அழிந்த ஊர் என்றுதான் பார்க்க வருகிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் 1349க்குப் பிறகும் அங்கே ஆட்கள் இருந்தார்கள், கடைசி வீடுகள் காலியானது 1500ஐ ஒட்டி, நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டபோது.

ஏடுபுரட்டி:
அடுத்து ஆலிஸின் கல்யாணம். பாதிரியார் இல்லை, சாட்சி ஒரே ஒரு தோழி. அவன் பிற்பாடு அப்படி எதுவுமே நடக்கவில்லை என்கிறான்.

கறுப்பங்கி:
எனக்குப் பிடித்த பகுதி இது. 12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாந்தர் காலத்திலிருந்து திருச்சபைச் சட்டம் சொன்னது: பெண்ணுக்கு 12 வயதும் ஆணுக்கு 14 வயதும் ஆகி, உன்னை என் மனைவியாக ஏற்கிறேன், உன்னை என் கணவனாக ஏற்கிறேன் என்று நிகழ்காலத்தில் இருவரும் சொல்லிவிட்டால் திருமணம் முடிந்தது. பாதிரியார், தேவாலயம், பெற்றோர் சம்மதம் எதுவும் இல்லாவிட்டாலும் செல்லும். அப்படிச் செய்தது தவறு என்று தண்டனை தருவார்கள், கட்டு மட்டும் அவிழாது. ஏற்பேன் என்று எதிர்காலத்தில் சொல்லியிருந்தால் அது நிச்சயதார்த்தம் மட்டுமே, ஆனால் அதன்பிறகு உடலுறவு நடந்தால் அதுவும் திருமணமாகிவிடும். இங்கிலாந்தில் இந்த நிலை 1753ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது.

ஆலிஸின் வழக்கு மேனர் கோர்ட்டுக்குப் போகாது, திருச்சபை நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே பொதுவாக இரண்டு சாட்சி கேட்பார்கள். ஒரு தோழி போதாது. வேலியோரக் காட்சியில் வேறு யாராவது நடந்து போகிறார்களா என்று பாருங்கள்.

ஏடுபுரட்டி:
பன்றி மேய்க்கும் பையன் ஒருவன் வருகிறான். ஒரே வரி. ஐயோ.

அத்தியாயத் தலைப்பில் தேதி இப்படி இருக்கிறது: 'எட்வர்ட் அரசரின் 22ஆம் ஆண்டு, புனித லூக்கா திருநாளுக்கு அடுத்த திங்கள்.' இது எப்போது?

கறுப்பங்கி:
மூன்றாம் எட்வர்டின் ஆட்சியாண்டு ஜனவரி 25இல் தொடங்கும், முதல் ஆண்டு 1327. ஆக 22ஆம் ஆண்டு 1348 ஜனவரி 25 முதல். லூக்கா திருநாள் அக்டோபர் 18, அந்த வருடம் சனிக்கிழமை. உங்கள் காட்சி 1348 அக்டோபர் 20. ஆண்டு எண் போட்டிருக்கும் தேதிகளில் ஒரு பொறி உண்டு: அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. 1348 பிப்ரவரி என்று ஒரு கடிதத்தில் இருந்தால் நம் கணக்கில் அது 1349.

பனிமூட்டம்:
அப்படியென்றால் நோய் ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்டது. டார்செட் கரையில் மெல்கம்ப் துறைமுகத்தில் 1348 கோடையில் இறங்கியது, இலையுதிர்காலத்தில் லண்டன். நடுப்பகுதிக்கு அடுத்த வருடம் வரும். ஆக்னஸுக்கு இன்னும் ஒரு குளிர்காலம் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1349 ஜனவரியில் பாத் அண்ட் வெல்ஸ் ஆயர் ஒரு கடிதம் அனுப்பினார். சாகிறவர்களுக்குப் பாதிரியார் கிடைக்காவிட்டால் ஒருவருக்கொருவர் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம், ஆண் இல்லாவிட்டால் பெண்ணிடம்கூட. பெண்ணிடம்கூட என்று ஓர் ஆயர் எழுதவேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசியுங்கள்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் ஊர்த் தேவாலயக் கோபுரச் சுவரில் லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள், 1350 என்ற ஆண்டோடு. மிச்சமிருப்பது மக்களில் வண்டல்தான் என்ற பொருளில். நான் அதைப் பார்த்திருக்கிறேன். கீறல் அழுத்தமாக இருக்கிறது.

செம்மண்:
நோய்க்குப் பிறகு மாட்டு விலை என்ன ஆனது? அத்தனை ஹெரியட் ஒரே சமயத்தில் வந்தால் பிரபு எங்கே கட்டிவைப்பார்?

நுணுக்கன்:
லெஸ்டர் நகரத்துத் துறவி ஹென்றி நைட்டன் எழுதியிருக்கிறார்: முன்பு 40 ஷில்லிங் பெறும் குதிரை 6 ஷில்லிங் 8 பென்ஸுக்குக் கிடைத்தது, பசு 12 பென்ஸ். ஆனால் அவர் எழுதியது பல வருடம் கழித்து. எண்களை அப்படியே நம்பவேண்டாம், விலை இறங்கியதை நம்பலாம்.

ஏடுபுரட்டி:
நானும் அங்கே வந்துவிட்டேன். 1351 அறுவடை. மூத்த ஜான் போய்விட்டான். ஆக்னஸ் அடுத்த ஊரில் அறுக்கப் போகிறாள், 3 பென்ஸ் இல்லாமல் அரிவாளைத் தொடமாட்டேன் என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், கூலி தருகிறவர் மட்டும் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அவர் எதற்குப் பயப்படவேண்டும்?

கறுப்பங்கி:
ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. 1349இலேயே அரசாணை போட்டு, 1351இல் தொழிலாளர் சட்டமாக்கினார்கள். நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது, கொடுக்கவும் கூடாது. மாட்டுக்குப் புல் உலர்த்தும் வேலைக்கு நாளுக்கு ஒரு பென்னி. கதிர் அறுப்புக்கு ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்ஸ், இரண்டாம் வாரம் 3 பென்ஸ். இதை விசாரிக்கத் தனி நீதிபதிகள், மேனர் கோர்ட் இல்லை. காட்சி எந்த வாரம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏடுபுரட்டி:
லாம்மாஸ் கழிந்து மூன்றாம் நாள்.

கறுப்பங்கி:
லாம்மாஸ் ஆகஸ்ட் 1. அப்படியென்றால் முதல் வாரம், 3 பென்ஸ் கேட்டதே குற்றம். கொடுத்தால் அவருக்கும் தண்டனை உண்டு.

தாழ்வாரம்:
கொடுத்தாரா இல்லையா?

ஏடுபுரட்டி:
கொடுத்தார். மதியத்துக்கு ரொட்டியும் ஏலும் தனியாக.